ஞாயித்துக்கிழமை பூத்த வெனிலா

அன்பு மகள் சேயினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில இங்கே நானும் உங்கப்பாவும் பன்னிங்க ரெண்டும் சௌக்கியம், ஆக்லாந்து குளிர்ல நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கீங்களா, காலுறை போடாம தூங்காதே.

உங்கப்பா வெனிலா போட்ட கதை கேளு. ரெண்டு வருஷமா மழை வரவேண்டிய மாசத்துல வராம வள்ளிக்கிழங்கு விரல் தண்டிக்குத்தான் விளைஞ்சுது, சரி பூசணி போடுவோம்னு போட்டா ஜப்பானுக்கு வாங்கிட்டுப் போறவங்க இந்தத் தடவை வேணாம்னுட்டாங்க, ஊரே மூணு வேளையும் பூசணி தின்னுச்சு, கடைசியில பன்னிகூட மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. அப்புறம்தான் இந்த மனுஷன் வெனிலாவுக்குத் தாவினார். கொஞ்ச நாள் காஞ்சாத்தான் அது பூக்குமாம், விலையும் நல்லா இருக்காம். ஆனா மகா ராங்கிக்காரப் பூ, காலையில விரிஞ்சு மத்தியானத்துக்குள்ள வாடிடும், அதுக்குண்டான தேனீயும் நம்ம தீவுல கிடையாது, ஒவ்வொரு பூவா நாமதான் குச்சியால மகரந்தம் தொட்டு வைக்கணும். வாழைக்காய் மாதிரி விரலை வெச்சுக்கிட்டு உங்கப்பா அதைப் பழகினதே பெரிசு.

வந்த வினையைப் பாரு, போன ஞாயித்துக்கிழமை அத்தனை கொடியிலயும் பூ கொட்டிக்கிடந்தது. நம்ம ஊர்ல அன்னிக்கு வயல் வேலை செஞ்சா சட்டப்படியே தப்பு, இவர் வேற சபை மூப்பர். தொடலேன்னா பாதி விளைச்சல் போச்சு, தொட்டா மூப்பர் பதவி போச்சு. சும்மா பார்த்துட்டு வரேன்னு, கோயிலுக்குப் போக மரியாதைக்கு உடுப்புமேல சுத்திக் கட்டின இடுப்புப் பாயோடவே கிளம்பினார். பார்க்கப் போறவருக்குப் பல் குத்துற குச்சி எதுக்குன்னு கேட்டேன், பல் குத்தத்தான்னார், முன்பல்லே இல்லாத மனுஷன். கோயில் மணி அடிச்சும் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தா, பாய் கொடிக்கம்புல மாட்டி, முன்னேயும் போகமுடியாம பின்னேயும் வரமுடியாம கைக்கெட்டின பூவையெல்லாம் தொட்டுக்கிட்டு நிக்கிறார். இழுத்துக்கிட்டு ஓடினேன்.

கோயிலுக்குள்ள நுழைஞ்ச பிறகுதான் கவனிச்சேன், அவருக்குப் பின்னால ஒரு முழத்துக்குக் கொடி வால் மாதிரி தொங்குது. ஒருத்தரும் சிரிக்கல, அதுதான் எனக்குப் பயமா இருந்தது. உங்கப்பா எழுந்து, ஓய்வுநாளை மீறிட்டேன், பதவியை எடுத்துக்குங்கன்னு சொல்லிட்டார். எனக்கு அழுகையே வந்துடுச்சு சேயினி. போதகர், அந்தக் காலத்துல பூவைக் கொண்டுவந்தவங்க அதோட தேனீயை விட்டுட்டு வந்துட்டாங்க, தேனீ வேலை பார்க்கிறவர் மேல ஞாயித்துக்கிழமைச் சட்டம் செல்லுமான்னு நிதானமா யோசிக்கணும், அதுவரைக்கும் மூப்பர் மூப்பராவே இருக்கட்டும்னு சொல்லிட்டு, ஜெபம் பண்ணப் பீடத்துப் பக்கம் திரும்பினார். அவர் இடுப்புப் பாய்க்குப் பின்னாலயும் வாடின வெனிலாப் பூ ஒட்டிக்கிட்டிருந்தது. சபையே பார்த்துச்சு. நாங்க சொன்ன ஆமென் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

உங்க ரெண்டு பேரையும் ஆண்டவர் கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்தட்டும். மறக்காம நல்ல முனையுள்ள பல் குத்துற குச்சி ஒரு டப்பா அனுப்பு. ரெண்டாவே அனுப்பு, போதகரும் கேட்டார், சனிக்கிழமைக்குள்ள கிடைச்சா நல்லதுன்னார்.

முத்தங்களோட,
உன் அம்மா லவினியா