பாட்டரியை இடம் மாற்றியிருக்கிறேன்

நவமணி,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. நான் லோரி எடுத்துக்கொண்டு செகிஞ்சானுக்குப் போகிறேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். பிரசவம் பார்க்க யாராவது கூப்பிட்டால் சாப்பிட்டுவிட்டே கிளம்பு. பொட்டலம் கட்டினால், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கா என்று தோட்டத்துக் கேட்டில் காவலர்கள் பிடுங்கிக்கொள்வார்கள்.

காலையில் கேட்டுக் காவல் தங்கராஜு என்னை நிறுத்திச் சொன்னார்: "நேத்து சாயங்காலம் அடிச்ச மழையில தொரை காரே கெளம்பல. ஒங்க வீட்டம்மா மோட்டார் சைக்கிள் ஒரே ஒதையில கெளம்பிடுச்சு லா! வெளக்கும் பளிச்சுனு எரிஞ்சுது."

நேற்று நீ பிரசவம் பார்த்த பக்கத்துத் தோட்டத்தில் தாயும் பிள்ளையும் நலமாம். பிள்ளைக்கு உன் பெயரையே வைக்கிறார்களாம். லயத்து வீடுகள் முழுக்க இதே பேச்சு. நான் ஒன்றும் தெரியாதவன் போல ஒவ்வொருவரையும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

ஆனாலும், குளிரும் ஈரமும் ஆகாதென்று வண்டி பாட்டரியைக் கழற்றி அடுப்போரம் வைக்கிறாயே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கழற்றுவது சரி. நெருப்புப் பக்கத்தில் வைப்பது ஆபத்து. இதற்காக மூன்று நாளாகப் பேசாமல் இருந்தது போதும், மாலையில் வந்து பேசியே சண்டை போடுகிறேன்.

உடையப்பன்

பி.கு: உன் வண்டியைத் துடைத்துச் சாக்குப் போர்த்தியிருக்கிறேன். பாட்டரி இப்போது முன்னறைப் பலகைமேல், என் ரேடியோ இருந்த இடத்தில் இருக்கிறது. ரேடியோவைத் தரையில் இறக்கிவிட்டேன். ஈரத்தில் கெட்டால் கெடட்டும்.