‘உள்தாழ்ப்பாள்’ வானொலி நாடகத்தைப் பதிவுசெய்தவர் மீதான நடவடிக்கை குறித்து

அனுப்புநர்:
மேற்படி நாடகத்தை எழுதிய தையற்காரி,
மாடி வீடு, அச்சகத்துக்குப் பின்தெரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
வானொலி நிலையம்.

பொருள்: ஒலிப்பதிவாளர் மீதான நடவடிக்கையைக் கைவிடவும், நாடகத்தை மறு ஒலிபரப்புச் செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்களுடன் வசிக்கும் என் நாத்தனார் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தபின் குரல் கரகரத்து, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டுமே கேட்கும் அளவுக்குத் தேய்ந்தது. வேலை போனது. கடையில்கூட விரலைக் காட்டியே சாமான் வாங்கி வந்தார்.

தங்கள் நிலையம் நேயர்களிடம் குறுநாடகம் கேட்டபோது, அந்தக் குரலுக்கென்றே ஒன்றை எழுதத் திட்டமிட்டேன். சிறு பிள்ளை குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மாட்டிக்கொள்கிறது. வெளியே நிற்கும் அம்மாவால் கத்த முடியாது. பிள்ளை அழுகையை நிறுத்திக் கதவில் காதை வைத்தால்தான் அம்மா சொல்வது கேட்கும். இவ்வளவே கதை. நிஜத் தாழ்ப்பாளைப் பதிந்து கேட்டால் பிளாஸ்டிக் டப்பா போல ஒலித்தது. என் கத்தரிக்கோலை இரும்பு அளவுகோலில் உரசியபோதுதான் அது தாழ்ப்பாளானது. பிள்ளையாக நடித்தவர் என் தங்கை. இரண்டு பிள்ளைகளின் தாயான அவர், அழுவதில் அவர்களையே தோற்கடித்தார்.

ஒத்திகையைக் கேட்ட நிகழ்ச்சி அலுவலர் நாடகத்தை ஏற்றார், நாத்தனாரை ஏற்கவில்லை. “இந்தத் தொண்டையோட பேசினா ஜனங்க ஸ்டேஷனை மாத்திடுவாங்கம்மா” என்றார். நிலையத்தின் பெண் அறிவிப்பாளர் ஒருவருக்கு அந்த வேடத்தைக் கொடுத்துவிட்டு, பதிவு நாளன்று வெளியூர் சென்றுவிட்டார்.

அறிவிப்பாளரின் குரல் கணீரென்று இருந்தது. சிக்கலே அதுதான். இவ்வளவு தெளிவாகக் கேட்கும் அம்மாவுக்காகப் பிள்ளை ஏன் அழுகையை நிறுத்த வேண்டும்? பாதியிலேயே அவர் தாள்களைக் கீழே வைத்து, கண்ணாடிக்கு வெளியே அமர்ந்திருந்த நாத்தனாரைக் காட்டினார். “இது அவங்க பேச வேண்டியது. நான் பேசினா எடுபடல.” ஒலிப்பதிவாளர் எழுந்துபோய் நாத்தனாரை உள்ளே அழைத்துவந்து, மைக்கை அவர் உதட்டருகே இறக்கினார். ஒரே டேக். அன்று மாலை ஒலிபரப்பானது அந்தப் பதிவுதான்.

தொலைபேசி ஓயவில்லை என்று தங்கள் வரவேற்பாளரே சொன்னார். ஓர் ஓட்டுநர் லாரியை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டாராம். யாரும் ஸ்டேஷனை மாற்றவில்லை, ஐயா, சத்தத்தைக் கூட்டியிருக்கிறார்கள். மறுநாள் நாத்தனார் காய்கறிக் கடையில் வாய் திறந்து பேரம் பேசினார். கடைக்காரர், “ரேடியோவுல கதவுக்கு வெளிய நின்ன அம்மா நீங்கதானே?” என்று கேட்டாராம். விலையை மட்டும் குறைக்கவில்லை. நாத்தனார் வீட்டுக்கு வந்து எங்களை ஒவ்வொருவராகப் பிடித்து உட்காரவைத்து, அந்தக் கடைக்காரரைத் திட்டித் தீர்த்தார். எங்களுக்கு அது விருந்தாக இருந்தது.

இந்நிலையில், அனுமதி பெறாத குரலைப் பதிவுசெய்ததாக ஒலிப்பதிவாளரிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது. மறு ஒலிபரப்பும் நிறுத்தப்பட்டுள்ளது. அவர் மீறியது ஒரு வாய்மொழி உத்தரவை. காப்பாற்றியது தங்கள் நிலையத்தின் நாடகத்தை. ஆகவே நடவடிக்கையைக் கைவிட்டு, நாடகத்தை மீண்டும் ஒலிபரப்பி, நாத்தனாரைத் தங்கள் நாடகக் கலைஞர்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அடுத்த நாடகம் தயார். நாத்தனாருக்கு அதில் வக்கீல் வேடம். அதே ஒலிப்பதிவாளர் இருந்தால்தான் ஸ்டூடியோவில் கால் வைப்பேன் என்கிறார். எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். இப்போதெல்லாம் அவரிடம் பேசி ஜெயிக்க முடிவதில்லை.

நல்ல பதிலை வானொலியிலேயே கேட்கக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
தையற்காரி

இடம்: அச்சகத்துக்குப் பின்தெரு
நாள்: மாதத்தின் முதல் திங்கள்கிழமை