தம்பிக்குச் சொல்லித் தந்த ஆசனம்

தம்பின்,
12 ஆகஸ்டு 1951

அன்பு மகள் நீலாவதிக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், சென்னையில் நீயும் மாப்பிள்ளையும் மனத்தாலும் சுகமாக இருக்க இறைவன் துணை. சொல்ல வந்ததை விட்டு வேறெங்கோ போய்விடுவேன் என்பதால் முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. வீட்டுச் செய்தி.
2. தம்பியின் மனச்சோர்வுக்கு நீ எழுதி அனுப்பிய யோகப் பயிற்சியை நான் செய்வித்த விதம்.
3. அவனுக்காக நீ கப்பலேறி வர வேண்டியதில்லை என்பது.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காட்டில் ஒளிந்து சண்டை போடுகிறவர்களுக்கு அரிசி போகாமலிருக்கத் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டாகிவிட்டது, விடிந்து கேட்டைத் திறந்தால்தான் யாரும் வெளியே போகலாம். அடுத்த லயத்து லெட்சுமியின் பிரசவத்துக்கு அம்மா போனபோது கேட்டுக் காவலர்கள் கையிலிருந்த வெந்தயப் பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் பார்த்தார்களாம், இத வச்சு எந்தப் பட்டாளத்துக்குச் சோறாக்கப் போறேன்னு நெனச்சானுங்க என்று வந்து சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாளாயிற்று.

தம்பி கணேசமூர்த்தி தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குப் போவதில்லை. சித்திரையில் நடந்ததை உனக்கு முழுவதும் எழுதவில்லை. காட்டில் சுடப்பட்டவர்களைப் போலீஸ் நிலையத்துத் திடலில் கிடத்தி, காலையில் பெரட்டில் தொழிலாளர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவனுக்குத்தான் முகம் தெரியும் என்று இவனை லாரியில் ஏற்றிப் போனார்கள். அதில் ஒருவன் நம் வீரமுத்து, என் பள்ளிக்கூடத்தில் இவனோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். இவன் வீரமுத்துவின் பெயரைச் சொல்லி அடையாளம் காட்டிவிட்டு வந்தான். மறுநாள் பெரட்டில் நின்று வாயைத் திறந்தான், ஒரு பெயரும் வரவில்லை. அன்றிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

நீ ஆசனங்களை வரிசையாக எழுதி, எல்லாம் முடிந்த பிறகு சவாசனம் என்று குறித்திருந்தாய். அவன் மெலிந்திருந்ததால், சிரமமில்லாதது முதலில் இருக்கட்டும் என்று நான் அதை முதலாவதாக மாற்றினேன், எளிய பாடத்தை முதலில் வைத்தே பழகியவன். பாயை விரித்து, மல்லாந்து படு, கால்களை அகற்று, உள்ளங்கை மேலே பார்க்கட்டும், சவத்தைப் போல் அசையாதே என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். கைகால நீட்டிக்கிட்டா மனசு சரியாப் போயிருமா, நீங்க ஒருத்தரு என்று அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் ராமசாமி எட்டிப் பார்த்து, என்னா வாத்தியாரே, வேலைய விட்டும் பாடத்த விடமாட்டீங்க லா, மாணவன் தூங்கிட்டானே என்றார். நானும் சிரித்தேன். அவ்வளவு அமைதியாகக் கிடந்தான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது கண்ணைத் திறக்காமலே, அப்பா, வீரமுத்தும் இப்பிடித்தான் கெடந்தான், கை மேல பாத்துக்கிட்டு என்றான்.

தமிழ் சொல்லிக் கொடுத்தே பிழைத்தவன், சவம் என்ற சொல் என் காதில் விழவில்லை. உன்மேல் பிழையில்லை. பாயைச் சுருட்டிப் பரணில் வைத்துவிட்டேன், இப்போது வெறுந்தரையில் தானாகவே அப்படிப் படுத்துக்கொள்கிறான். எழுந்திருக்கும் முறையையும் நீ எழுதியிருந்தாய், முதலில் விரல்களை அசைத்து, பிறகு வலப்பக்கம் ஒருக்களித்து என்று, பக்கத்தில் உட்கார்ந்து அதையும் வாசிக்கிறேன், விரல் அசையவில்லை. தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்கிறார் டிரசர், அம்மா அழுகிறாள், எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று அம்மா அவனிடம், அக்கா கடுதாசிக்குப் பதில் எழுதப் போறோம், எந்திரிச்சு நீயும் ரெண்டு வரி எழுதுடா என்றபோது மட்டும் தலையைத் திருப்பி, அக்கா வருதா என்று கேட்டான். இல்லை என்றேன். மறுபடி கூரையைப் பார்த்துக்கொண்டான்.

இதைத் தபாலில் போடாமல், நாகூருக்குப் போகும் கடைக்காரர் அப்துல் மஜீத் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலில் வீரமுத்துவின் பெயரை எழுதாதே, கடிதங்களைப் பிரிக்கிறார்கள் என்று பேச்சு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள், ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு, மகளே. நீ வர வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா
நல்லசாமி