மதினிக்கு ஆகாத வெயில்

மதினி,

நேற்று சிம்மக்கல்லில் டவுன்பஸ் ஏறும்போது ஒரு பெண் கண்டக்டரிடம், "அண்ணே, எந்தப் பக்கம் வெயில் அடிக்காது?" என்று கேட்டாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு பரவைக்கு வந்தீர்கள். இரண்டாவது நடவின்போது பாதி வேலையில் போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டீர்கள். "வெயிலு பட்டா மூஞ்சி எரியுது, கைவெரலு மடங்கல" என்றீர்கள். "மகாராணிக்கு நெழலு கேக்குதாக்கும்" என்று நடவுக்கு வந்த அத்தனை பெண்கள் முன்னாலும் சொன்னவள் நான்தான். எனக்கு அப்போது வாய் நீளம். இப்போதும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நீங்கள் எழுந்து வந்து நாற்றுமுடியை எடுத்தீர்கள்.

பத்தே நாளில் மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்னம் சிவந்து தடித்தது. காய்ச்சல் வேறு. அம்மா அதை அம்மை என்றே முடிவுகட்டி, உங்களை வேப்பிலையில் படுக்க வைத்து, "முகம் தெளிஞ்சா எம் மருமக பால்குடம் எடுப்பா" என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். அம்மை என்றால் நம் வீட்டில் ஆஸ்பத்திரி பேச்சே கிடையாது. காய்ச்சல் விடாமல் கால் வீங்கிய பிறகுதான் அண்ணன் உங்களைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடினார். நானும் கூடவே வந்தேன்.

அங்கே டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "நோயை விரட்ட உடம்புக்குள்ள ஒரு காவல் இருக்கு. இவங்களுக்கு அந்தக் காவலே சொந்த உடம்பை அடிக்குது. ஏன்னு முழுசாத் தெரியல. ஆனா அதை உசுப்பிவிடற விஷயம் சிலது உண்டு. இவங்களுக்கு அது வெயில்."

உங்களை வெயிலுக்கு இழுத்து வந்தது என் நாக்கு. வெட்கத்தில் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மாத்திரையும் நிழலுமாக முகம் தெளிந்தது. கூடவே பங்குனியும் வந்தது. பால்குடம் மத்தியான வெயிலில்தான் ஊரைச் சுற்றி வரும். எடுத்தால் நோய் திரும்பும், எடுக்காவிட்டால் ஆத்தா கோபிப்பாள் என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "நானே எடுக்கிறேன் அத்த, நீங்க சாப்பிடுங்க" என்றீர்கள்.

அம்மா எழுந்து உட்கார்ந்தார். "வேணாந்தாயி. நேந்துக்கிட்ட வாயி என்னுது. சுமக்கிற தலையும் என்னுதாவே இருக்கட்டும்."

கொதிக்கிற ரோட்டில் அம்மா பால்குடத்தோடு போனார். அவர் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நான் நடந்தேன். திரும்பி வந்ததும் நீங்கள் அவர் பாதத்துக்கு விளக்கெண்ணெய் தடவினீர்கள். அப்போதுதான் உங்களிடம் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். "வலி வெளிய தெரியாதுல்ல, நீ என்னா செய்வ? இனிமே யாராச்சும் சொன்னா நம்பு, அம்புட்டுத்தான்" என்றீர்கள். அதற்குப் பிறகு பேரன் எடுத்து, கண்ணை மூடும் வரைக்கும் நன்றாகவே இருந்தீர்கள்.

போன மாதம் என் மருமகள், "காலையில எந்திரிச்சா வெரலு மடங்க மாட்டேங்குது அத்த" என்றாள். வேலைக்குச் சாக்குச் சொல்கிறாளோ என்று ஒரு நொடி தோன்றியது. வாயை மூடிக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உங்கள் நோய்க்கு உறவுதானாம் அவளுடையதும். "ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, மூட்டு கெடாமக் காப்பாத்திரலாம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னதும் எப்படி அத்த நம்புனீங்க?"

உங்கள் கதையைச் சொன்னேன், மதினி. என் தப்பிலிருந்துதான் தொடங்கினேன்.