அமிர்தம் வயலுக்குப் போன வழி

20 ஜனவரி 2025, திங்கள்

காலையிலிருந்து விதை உளுந்துக்குக் கூட்டம். வயலில் நெல் அறுக்காமல் நிற்கும்போதே தெளித்தால்தான் அந்த ஈரத்தில் முளைக்கும். இந்த ஒரு வாரத்தை விட்டால் விதை என் கோடவுனிலேயே கிடக்க வேண்டியதுதான்.

கடைசியாக மருதையன் வந்தார். சாக்கைத் தூக்காமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார்.

"பாயம்மா, என் வயலுக்கு உள்பக்கம் இருக்கிற அமிர்தம் வயலு இன்னும் பச்சையாக் கெடக்கு. அத அறுக்க மிஷின் என் வயல் வழியாத்தான போவணும்? உள்வயல் அறுக்காம வெளிவயல்ல தெளிக்கிற பழக்கம் இல்லியே."

"ஈரம் உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்குமாண்ணே? தெளிங்க. அந்தம்மா வயலு முத்துறப்ப பாத்துக்கலாம்."

தூக்கிக்கொண்டு போனார். கோடவுன் காலி. இந்தச் சுற்று வட்டாரத்தில் முதலில் காலியானது இந்த வருஷமும் என்னுடையதுதான்.

29 ஜனவரி

எங்கள் வைக்கோல் கட்டு மிஷின் பண்ணை வயலில் இறங்கிவிட்டது. டிராக்டரில் என் வீட்டுக்காரர் சலாஹுதீன். மஸ்கட்டில் பதினாறு வருஷம் கிரேன் ஓட்டிய கை. நூல் பிடித்த மாதிரி நேராக ஓட்டுகிறார். வாய்தான் சும்மா இருக்காது.

"கொஞ்சம் லூசா விட்டுக் கட்டு புள்ள. இதே வயல்ல இருபது கட்டு கூடுதலா வரும். ஊரே அப்படித்தான் கட்டுது."

"ஊரு கட்டட்டும் மச்சான்."

பாலக்காட்டுப் பால்பண்ணைக்காரர் மற்ற வியாபாரிகளின் கட்டை வெட்டிப் பார்த்துதான் லாரியில் ஏற்றுகிறார். என்னுடையதைப் போனிலேயே வாங்குகிறார். டிவிஎஸ்-50யில் ஆறு ஆறு கட்டாக வைத்து நான் வீடு வீடாகப் போட்ட காலத்திலும் தூக்குகிறவனுக்குக் கை வலிக்கிற மாதிரிதான் கட்டினேன். அதை மாற்றச் சொல்ல இவருக்கு என்ன வந்தது?

3 பிப்ரவரி

மருதையன் வயலும் அறுத்தாகிவிட்டது. மிஷின் ஏறியபோது உளுந்து மண்ணுக்குள் இருந்தது. இப்போது முளை விட்டு எட்டிப் பார்க்கிறதாம். போன் போட்டுச் சொன்னார். சந்தோஷமாக இருந்தது.

11 பிப்ரவரி, செவ்வாய்

அமிர்தம் வந்தாள்.

நவம்பர் மழையில் அவள் நட்டதெல்லாம் அழுகிப்போய், கடன்பட்டு நாற்று வாங்கி மறுபடி நட்டது ஊருக்கே தெரியும். குத்தகை வயல், ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். எல்லாரும் அறுத்து முடித்த பிறகு இப்போதுதான் முத்தி நிற்கிறது. அறுக்க மிஷின் போக வழி இல்லை. மருதையன் உளுந்து நாலு இலை விட்டுவிட்டது.

"நடுவுல ஒரு வழி விடச் சொல்லிக் கேட்டியா?"

"கேட்டேன்க்கா. முடியாதுன்னுட்டாரு. அவரு மேல தப்பு இல்ல. நீங்க சொல்லித்தான் தெளிச்சாராம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிப் பேசியிருப்பேன்.

"டீ குடிச்சிட்டுப் போ."

"நெல்லு உதிர்ந்து கொட்டுதுக்கா" என்று போய்விட்டாள்.

சொன்னது நான்தான். அந்த மனிதர் கேட்கக் கேட்க அடித்துச் சொன்னேன். எதற்கு? அந்தக் கடைசிச் சாக்கைத் தள்ளிவிடத்தானே? பாத்துக்கலாம் என்றேனே - யார் பாக்குறது?

12 பிப்ரவரி

காலையில் மருதையன் வயலுக்குப் போனேன். வரப்பில் உட்கார்ந்து பேசினோம்.

"ஒரு தடவ போயிட்டு வந்தா நான் வேணாங்க மாட்டேன். மிஷின் டேங்குல நெல்லு நெறைய நெறைய ரோட்டுக்கு வந்து கொட்டணும். எட்டு நடை. போக வர பதினாறு. வயலக் கொழப்பிடும். உங்க வெதைதான் பாயம்மா, நீங்களே சொல்லுங்க, மிதிக்கவா?"

எதிரே பார்த்தேன். ஒரே பருவமாக, இடைவெளி இல்லாமல், பச்சைப் பாய் விரித்தது போல். என் விதைதான். மிதிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கையால் அறுக்க ஆள் கேட்டேன். ஏழு பெண்கள்தான் தேறினார்கள். ஒன்பது மாவுக்கு ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை மழை என்று போன் சொல்கிறது. ஊரில் மிச்சம் இருக்கிற மிஷின் ஒன்றே ஒன்று. அதன் டிரைவர் ஐயாவு சனிக்கிழமை சாயங்காலம் ஆத்தூருக்குக் கிளம்புகிறான்.

மூன்று நாள்.

13 பிப்ரவரி

அமிர்தம் வயலை நாலு பக்கமும் சுற்றி வந்தேன். மூன்று பக்கமும் உளுந்து. பின்பக்கம் மட்டும் வடிகால். பத்தடி அகலம், ஆளுயரப் பள்ளம். மேட்டூர் அணையை மூடிவிட்டதால் கணுக்கால் தண்ணீர்தான். அதற்கு அந்தப் பக்கக் கரையில் டிராக்டர் போகிற பாதை இருக்கிறது. பாலம்தான் இல்லை.

பாலம் இல்லை. கோடவுனில் பாலக்காட்டுக்கு இருநூறு கட்டு இருக்கிறது.

சலாஹுதீனிடம் சொன்னேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மிஷின் மூணு டன்னு புள்ள" என்றார்.

"நம்ம கட்டு தாங்காதா?"

தாளும் பென்சிலும் கேட்டார். கிரேன்காரர் தாளும் பென்சிலும் கேட்டால் பாதி சம்மதம் என்று அர்த்தம்.

14 பிப்ரவரி

பாலக்காட்டுக்காரருக்குப் போன் போட்டேன். கட்டு வர ஒரு வாரம் தாமதம் என்றேன். "வேறு யாருக்காவது கொடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். ஒரு வடிகாலுக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. காத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

15 பிப்ரவரி, சனி

சாப்பிட்ட கை காயும் முன்னே எழுதிவிட வேண்டும்.

விடிந்ததும் டிரெய்லரில் இரண்டு நடையாகக் கட்டுகளைக் கொண்டுபோனோம். தண்ணீர் ஓட அடியில் இரண்டு சிமென்ட் குழாய். அதன் மேல் சலாஹுதீன் வரைந்த கணக்குப்படி, ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்குவாக்கில். இடுக்கில் விரல் போகாத மாதிரி அடுக்கினோம். அமிர்தமும் அந்த ஏழு பெண்களும் வடிகாலில் இறங்கி நின்று வாங்கினார்கள். "என்னக்கா இது, கட்டா கருங்கல்லா? இடுப்பு போச்சு" என்று ஒருத்தி வைதாள். அந்த வசவு எனக்குத் தேனாக இருந்தது.

அடுக்கி முடித்தால் ஐயாவு மிஷினை விட்டு இறங்கி வந்து கட்டுகளைக் காலால் உதைத்துப் பார்க்கிறான்.

"யக்கா, நான் ஏழு மாவட்டத்துல ஓட்டியிருக்கேன். மாடு திங்கிறதுமேல எவனும் என்னை ஏறச் சொன்னதில்ல. மிஷின் கவுந்தா ஓனரு என்னை உரிச்சுடுவாரு."

"கவுந்தா நான் வாங்கிக்கிறேன் போ."

"மிஷினயா?"

"உன்னை உரிச்ச தோலை. ஏறுடா."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் ஏறவில்லை. அப்போது சலாஹுதீன் போய்க் கட்டுகளுக்கு நடுவில் நின்று, இரண்டு கையையும் தூக்கி, கிரேனுக்குச் சைகை காட்டுகிற மாதிரி, வா வா என்றார். மச்சான் தள்ளி நில்லுங்க என்று கத்தினேன். காதிலேயே வாங்கவில்லை. மிஷின் ஏற ஏற அதைப் பார்த்தபடியே ஒவ்வொரு அடியாகப் பின்னோக்கி நடந்தார்.

மிஷினின் செயின் சக்கரம் முதல் கட்டின் மேல் ஏறியதும் ஒரு முனகல் சத்தம். கட்டு அமுங்கியது. ஒரு சாண். அதற்கு மேல் அமுங்கவில்லை. மிஷின் அமிர்தம் வயலுக்குள் போய் நின்றது. ஐயாவு ஹாரனை விடாமல் அடித்தான்.

ஒன்பது மா. டேங்க் நிரம்பும்போதெல்லாம் மிஷின் திரும்பி வந்து கட்டுகளின் மேலேயே நின்று, எதிர்க்கரையில் நிற்கிற டிரெய்லருக்குள் குழாயை நீட்டிக் கொட்டியது. எட்டுத் தடவை. ஐந்தாவது தடவைக்குப் பிறகு மேல் வரிசை சேறாகிப்போய், இன்னும் முப்பது கட்டு போட்டோம். ஒரு கட்டில் கூட நூல் அறவில்லை. ஒன்றில் கூட!

நாலு மணிக்கு முடிந்து மிஷின் கரையேறியது. மருதையன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் உளுந்தில் ஒரு செடி சாயவில்லை. கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடிகாலில் இறங்கி, சேற்றுக் கட்டுகளை மேலே தூக்கிவிட ஆரம்பித்தார். யாரும் கூப்பிடவில்லை. மறுமுனையைப் பிடித்தது அமிர்தம். பத்துப் பதினைந்து கட்டுக்குப் பிறகு, "அந்தப் பக்கம் தூக்கிப் புடி, தண்ணி ஊத்துது" என்று அமிர்தம் அவரை அதட்டினாள். அவர் தூக்கிப் பிடித்தார்.

டிரெய்லர் கிளம்புமுன் அமிர்தம் ஒரு கை நெல்லை அள்ளி என்னிடம் நீட்டினாள். கடித்துப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்த நெல், நொறுங்கியது.

"தப்பு என்னோடதுதான் அமிர்தம். அன்னிக்கு டீ குடிக்காம போனப்பவே சொல்லியிருக்கணும்."

"இன்னிக்குக் குடிக்கிறேன்க்கா. வாங்கிக் குடுங்க."

எல்லாருக்கும் வாங்கினேன்.

சேறான கட்டெல்லாம் எருக்குழிக்குத்தான். போகட்டும். மூணு டன் மிஷினை எட்டுத் தடவை தாங்கிய கட்டு இந்த ஜில்லாவில் வேறு யாரிடம் இருக்கிறது? சொல்லட்டும் பார்ப்போம். லூசாகக் கட்டச் சொன்ன மனுஷன் இன்று சாப்பிடும்போது அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எனக்கும் தெரியும், மூணு டன்னுக்கு முன்னால் நின்றது யாரென்று.

16 பிப்ரவரி

பத்தரைக்கு மழை. அமிர்தத்தின் நெல் கொள்முதல் நிலையத்தில், படுதாவுக்கு அடியில்.

1 மார்ச்

நாளையிலிருந்து நோன்பு. புதிதாகக் கட்டிய கட்டுகளோடு பாலக்காட்டு லாரி இன்றுதான் போனது. ஏற்றும்போது அந்த டிரைவர் ஒரு கட்டைத் தூக்க முடியாமல் தடுமாறி, "இதுதான் பாலம் போட்ட கட்டா?" என்றான். அங்கே வரைக்கும் போயிருக்கிறது.

18 ஏப்ரல்

மருதையன் உளுந்து களத்துக்கு வந்துவிட்டது. வாங்கியது நான்தான். மணி கண்ணாடி மாதிரி.

22 ஜனவரி 2026, வியாழன்

மறுபடி விதை உளுந்துக் கூட்டம். மருதையன் வந்தார். அளக்கப் போன மரக்காலைக் கீழே வைத்துவிட்டேன்.

"அமிர்தம் வயலு எப்படிண்ணே இருக்கு? அதச் சொன்னாத்தான் அளப்பேன்."

"இந்த வருஷம் ரெண்டும் ஒரே நாள்ல நட்டது பாயம்மா. ஒரே நாள்ல தெளிக்கிறோம், ஒரே மிஷின். அமிர்தம் தனக்கும் சேத்து வாங்கியாரச் சொல்லிச்சு."

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சாக்கில் போட்டேன். வாயை இழுத்துக் கட்டும்போது, "இறுக்குனது போதும் பாயம்மா, அவுக்குறது நாங்க" என்றார்.

கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினேன்.