கூரையைத் தொடாத சுவர்

அக்கா,

லயத்தில் அடுத்தடுத்திருந்த நம் இரண்டு காம்பரா வீடுகளுக்கும் நடுவிலுள்ள சுவரைக் கூரை வரை எழுப்பாமல் விட்டவர்கள்தான் என் மகளின் நெஞ்சைக் கெடுத்தார்கள். இதை மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்று விடியும்முன் அந்த இடைவெளி வழியாகப் புகை இறங்கியது. ஈர மிலாறு விறகு எரியும் நெடி. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி காயாவிட்டால் எப்படிப் புகையும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் இருந்த காம்பராவுக்கு நேற்றுத்தான் புதுக் குடும்பம் வந்தது. என் செல்வி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து மீண்டது. வெந்நீர் வைக்கக்கூட அடுப்பை மூட்டப் பயந்து அவள் அம்மா நின்றாள். அந்த இழுப்பிலும் செல்வி சுவரைப் பார்த்து, "அத்தை தட்டலியேப்பா" என்றாள். நீங்கள் இறந்துபோனதை எப்படிச் சொல்லியும் அவளுக்குப் பிடிபடவில்லை.

அடுப்பு மூட்டும்முன் ஊதுகுழலால் சுவரில் தட்டுவீர்கள். நான் அவளைப் பழைய சேலையில் சுற்றி வாசலிலுள்ள இஸ்தோப்புத் திண்ணைக்குத் தூக்கி வருவேன். புகை அடங்கியதும் மறுபடி தட்டுவீர்கள். வெளியே பனி, அதுவும் அவளுக்கு ஆகாது. வாசற்படியிலேயே நின்று நடுங்குவேன்.

புகையும் ஈரமும் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி மருந்துக்கார ஐயா எங்களைத் திருப்பி அனுப்பிய அன்று நீங்கள் சிரித்தீர்கள். "அதுக்கு அவ தொர பங்களாவுல பொறந்திருக்கணும் தம்பி. அங்க நாய்க்கூட்டுக்குக்கூட சொவரு முழுசா இருக்கு."

சிரித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மிலாறைக் காயவைத்தே எரித்தீர்கள். கொழுந்தெடுத்து வந்த நனைந்த கம்பளிகளை வெளியிலேயே தொங்கவிட வைத்தீர்கள். சாக்குகளைத் தைத்து, ஆணி அடித்துச் சுவருக்கு மேலே அடைத்தீர்கள். அந்த மழைக்காலம் முழுக்க அவளுக்கு இழுப்பு வரவில்லை. பிறகு லயம் பார்க்க வந்த, தொரைக்காக எங்களை மேய்க்கும் கண்டாக்கு, தோட்டத்துச் சுவரில் ஆணி அடிக்க யார் சொன்னது என்று கேட்டுச் சாக்குகளைப் பிய்த்தெறிந்தார். நீங்கள் மறுபடி ஊதுகுழலை எடுத்தீர்கள். கடைசியில் உங்கள் நெஞ்சும் அந்தப் புகையிலேயே போனது.

இன்று நான் சுவரைக் குத்தினேன். "பெரட்டுல பேர் குடுக்க நேரமாச்சுங்க. தேத்தண்ணி வைக்காம எப்படிங்க போறது?" என்று அந்தப் பக்கம் ஒரு பெண் பதறினாள். அவள் கைக்குழந்தை இருமிக்கொண்டிருந்தது. எங்கள் புகையும் அங்கேதான் போகும். உங்கள் ஊதுகுழல் என்னிடம் இருக்கிறது. இனி எங்கள் அடுப்பு மூட்டும்முன் நான் தட்டுவேன். அந்தப் பெண்ணையும் தட்டச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒருநாள் ஒருவர் மறந்தால்?

இழுப்பு கொஞ்சம் அடங்கியதும் செல்வியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்டாக்கு பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போனேன். அவள் மூச்சு என் காதில் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"சொவரக் கூரை வரைக்கும் கட்டிக் குடுங்க. எப்பக் கட்டுவீங்கன்னு இப்பவே சொல்லுங்க."

கண்டாக்கு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.