பூக்காரிகள் அமர்ந்த மண்

வாழி வெண்கோட்டு நாடு; மாரி பிழையாதிருக்க, புன்னைமாநகரின் தெருமரங்கள் நிழல் குன்றாதிருக்க. மன்னர்பிரானின் வலக்கையும் கல்விச்சாலைகளின் காவலருமாகிய பேரமைச்சர் ஆதன்கிழார் திருமுன்னுக்கு, பூக்காரி சாத்தியின் மகளும் தன் குடியில் முதன்முதல் எழுத்தாணி பிடித்தவளும் தெருமண்ணைக் கண்காணிப்பவளுமாகிய மண்காணி கொற்றி விடுக்கும் ஓலை. நலம் கேட்கும் வழக்கத்தை இவள் இம்முறை விட்டுவிடுகிறாள்.

பெருந்தெருவின் மரங்கள் ஒருபுறம் தழைத்து மறுபுறம் காய்வது ஏன் என்று ஆராயச் சொன்னவர் தாங்களே. கொற்றி இருபுறத்து மண்ணையும் சல்லடையில் இட்டு, மேலே விளக்கேற்றி, சூடு பொறாமல் கீழிறங்கிய சிற்றுயிர்களைக் கிண்ணத்தில் பிடித்தாள். தேர்கள் நின்று இறுகிய புறத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பூக்காரிகள் அமரும் புறத்திலோ, அவர்கள் தெளித்த நீரிலும் உதறிய வாடற்பூவிலும் எள்ளினும் சிறியவை கூட்டம் கூட்டமாய் இருந்தன: வாலை ஊன்றித் துள்ளுபவை, எட்டுக் காலில் ஊர்பவை. மக்கியதைத் தின்று மண்ணைப் பொலபொலவென்று ஆக்குபவை அவையே. வேர் மூச்சுவிடுவது அவற்றால். அரசவையில் அவற்றைப் பளிங்குவில்லை வழியே பார்த்த தாங்கள், "அடேயப்பா, துள்ளுதே!" என்று குழந்தைபோல் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைக் கொற்றி நம்பித் தொலைத்தாள்.

மறுநாள் முரசு வேறு சொல்லிற்று. பூக்காரிகளின் காலடியில் புழு நெளிகிறதாம். மண்காணியே கண்டு சொன்னாளாம். ஆகவே அவர்கள் எழுந்து போகக் கடவராம். அவ்விடத்தில் சுண்ணாம்பு கொட்டிக் கல் பாவித் தேர் நிறுத்தப்படுமாம். யாருடைய தேர் என்பது ஊருக்கே தெரியும். கூடையைத் தூக்கிய சாத்தி மகளைப் பார்த்து, "இத்தன படிச்சது எங்க எடத்தக் காட்டிக் குடுக்கத்தானாடி?" என்று கேட்டாள். அதன்பின் அவள் கொற்றியோடு பேசவில்லை. படிக்க வைத்த பெருமகனே, இவள் சொல்லை எடுத்து இவள் தாயையே அடித்தீர்களே!

உதவி பெற்றவள் வாய் திறவாள் என்று எண்ணினீர்கள் போலும். தெருமண்ணில் கைவைக்க மண்காணியின் ஒப்புதல் வேண்டும் என்று மன்னர் ஆணை வாங்கித் தந்தவரும் தாங்கள்தாம். மண்ணை எவர் கேட்கப்போகிறார் என்ற அலட்சியம். கொற்றி கேட்கிறாள்.

ஆதலின், சுண்ணாம்பு வண்டிகள் திரும்பக் கடவன. ஒரு கல்லும் பாவலாகாது. பூக்காரிகள் தத்தம் இடத்தில் அமர்ந்து நீர் தெளிப்பதும் வாடற்பூ உதறுவதும் இனி மண் காக்கும் அரசப்பணி. அவர்களை எழுப்புவோர் மன்னர் ஆணையை மீறியோர் ஆவர். தேர் நிறுத்தத் தங்கள் மாளிகை முற்றம் தாராளமாய்ப் போதும்.

இதற்கு மண்காணி முத்திரை இட்டது கொற்றியின் கை. பொய்யறைந்த அதே முரசறைவோன் இவ்வோலையை முதற்கண் பூக்காரி சாத்தியின் முன் நின்று, அவள் போதும் என்னும்வரை வாசிக்கக் கடவன். தங்களுக்கு அதன் பிறகு.